"நின்னுட்டேன்" வேண்டாம், எழுதிக் கொடுத்து விலகுவோம்!

இந்த மாதப் பாடம்: பண்டிகை, லீவு சமயத்தில் வேலையை விடும்போது



நம்ம திருத்தணி பக்கம் வேலையை விடுவதற்கென்றே ஒரு சீசன் இருக்கிறது. ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம், தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுநாள், டிசம்பர் 31 படித் திருவிழா, பொங்கல், பிறகு மே மாத லீவு. இந்தச் சமயங்களில் குழுக் கூட்டத்துக்குப் போனால், "என் பொண்ணு வேலைய விட்டு நின்னுட்டா மேடம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். தெலுங்கு பேசும் நம் உறுப்பினர்கள் "பனி மானேசானு" என்பார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: போவதை நிறுத்திவிட்டேன்.

"எழுதிக் கொடுத்தாளா?" என்று கேட்டால், "இல்ல மேடம், பண்டிகைக்கு லீவுன்னு சொல்லிட்டு வந்தா, திரும்பப் போகல" என்று பதில் வரும்.

வேலையை விடுவது தப்பில்லை. உடம்பு முடியவில்லை, கல்யாணம், நைட் ஷிப்டு ஒத்துவரவில்லை, வீட்டுப் பக்கத்திலேயே நல்ல வேலை கிடைத்தது என்று எத்தனையோ காரணம் இருக்கும். ஆனால் எழுதிக் கொடுக்காமல் நிற்பவர் தனக்குச் சேர வேண்டிய பணத்தையும், உழைத்த வருடங்களுக்கான சாட்சியையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

குழுவில் எப்படிச் செய்கிறோம்?

நம் குழுவில் இருந்து ஒரு உறுப்பினர் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்கிறோம்? அவர் கடிதம் கொடுக்கிறார். கூட்டத்தில் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று ஊக்குநர் கணக்குப் பார்க்கிறார். பாக்கியைக் கழித்து மீதியைக் கொடுத்து, கையெழுத்து வாங்குகிறோம். அதற்குப் பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

வேலையும் அப்படித்தான். கடிதம், தேதி, கணக்கு, கையெழுத்து. இந்த நான்கையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். குழுவில் இவ்வளவு சரியாக நடந்துகொள்ளும் நாம், கம்பெனி என்றதும் ஏன் சொல்லாமல் ஓடி வர வேண்டும்?

ஏன் பண்டிகை நேரத்தில் இப்படி நடக்கிறது?

நம் பெண்கள் சொல்லும் காரணங்களில் இரண்டு முக்கியமானவை.

முதல் காரணம்: "முன்னாடியே சொன்னா போனஸ் தர மாட்டாங்க." இந்தப் பயத்தில் போனஸ் வரும் வரை வாயைத் திறப்பதில்லை. வந்ததும் மறுநாளே நின்றுவிடுகிறார்கள்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? தீபாவளிக்குக் கொடுப்பதால் அதைத் தீபாவளி போனஸ் என்கிறோம். உண்மையில் அது முடிந்துபோன கணக்கு ஆண்டுக்கான பணம். பெரும்பாலான கம்பெனிகளில் கணக்கு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆண்டு முடிந்து 8 மாதத்துக்குள், அதாவது நவம்பர் முடிவதற்குள் போனஸ் தர வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், சம்பள வரம்புக்குள் உள்ளவர் அந்த ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் உண்டு. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். மோசடி, திருட்டு, வன்முறை, பாலியல் தொல்லை போன்ற குற்றங்களுக்காக வேலை நீக்கம் செய்யப்பட்டவருக்குத்தான் போனஸ் கிடையாது. ராஜினாமா செய்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. செப்டம்பரில் முறையாக விலகிய பெண்ணுக்கும், மார்ச்சில் முடிந்த ஆண்டின் போனஸ் வர வேண்டும்.

இரண்டாவது காரணம்: "லீவு கேட்டா தர மாட்டாங்க, அதான் நின்னுட்டேன்." ஆடிக் கிருத்திகைக்கு வீட்டில் காவடி எடுக்கிறார்கள், உறவுக்காரர்கள் வருகிறார்கள். மூன்று நாள் லீவு வேண்டும், சூப்பர்வைசர் முடியாது என்கிறார். கோபத்தில் வேலையே வேண்டாம் என்று வந்துவிடுகிறோம். மூன்று நாள் லீவுக்காக மூன்று வருட சர்வீஸ் போகிறது.

இங்கே ஒரு விஷயம். ஆடிக் கிருத்திகைக்கு மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை அறிவித்தாலும் அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான். கம்பெனியைக் கட்டாயப்படுத்தாது. தமிழ்நாட்டில் 1958-ம் வருட பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், இன்னும் ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. அந்த நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்த ஐந்து நாட்கள் எவை என்று வருட ஆரம்பத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள். கிருத்திகை அதில் இல்லையென்றால், சம்பள லீவை ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

முதலில் யோசிக்க: விலகலா, லீவா?

கடிதம் எழுதுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சில சமயம் நமக்குத் தேவை ராஜினாமா இல்லை, லீவு.

பிரசவம்: "மாசமா இருக்கேன், பொங்கலோட நின்னுடறேன்" என்று சொல்பவர்கள் நிறைய. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் பிரசவ விடுப்பு என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு இந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. தரும், முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். கர்ப்பிணி என்பதற்காக வேலையை விட்டு நிறுத்துவது சட்டப்படி குற்றம். ஆறு மாதச் சம்பளத்தை நாமே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

உடல்நலம்: இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். அதைப் பயன்படுத்திய பிறகு விலகுவது பற்றி முடிவு செய்யலாம்.

வருடம் முடியப் போகிறதா: பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டிக்கு நிரந்தரத் தொழிலாளர் 5 வருடம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். நாலேமுக்கால் வருடத்தில் தீபாவளி வருகிறது என்பதற்காக நிற்காதீர்கள். மூன்று மாதம் பொறுத்தால் பெரிய தொகை.

தேதியைப் பின்னால் இருந்து எண்ணுங்கள்

விலகுவது என்று முடிவாகிவிட்டதா? அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரை எடுங்கள். எத்தனை நாள் நோட்டீஸ் என்று அதில் இருக்கும். நிரந்தர மாதச் சம்பளக்காரர்களுக்குப் பொதுவாக ஒரு மாதம். ஆர்டரே தரவில்லை என்றால் எச்.ஆர். பிரிவில் கேளுங்கள்.

கடைசி நாளை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள். நவம்பர் 10 கடைசி நாள், ஒரு மாத நோட்டீஸ் என்றால் அக்டோபர் 10-க்குள் கடிதம் கொடுக்க வேண்டும். இடையில் தீபாவளி லீவு எடுக்கப் போகிறீர்களா? அந்த நாட்களை நோட்டீஸில் சேர்ப்பார்களா, கடைசி நாள் தள்ளிப் போகுமா என்று கடிதம் கொடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலான சண்டை இங்கேதான் வருகிறது. நாம் லீவும் நோட்டீஸில் சேர்த்தி என்று நினைப்போம். அவர்கள் இல்லை என்பார்கள்.

லீவில் போய் வீட்டில் இருந்து போனில் "நான் வரல" என்று சொல்வது ராஜினாமா ஆகாது. லீவு முடிந்து 8 நாட்களுக்குள் திரும்பி வந்து தகுந்த காரணம் சொல்லாவிட்டால் அந்த வேலையின் மீதான உரிமை போய்விடும் என்பது பெரிய ஆலைகளின் மாதிரி நிலையாணைகளில் நெடுங்காலமாக உள்ள விதி. அப்போது ரெக்கார்டில் "ராஜினாமா செய்தார்" என்று இருக்காது, "சொல்லாமல் போய்விட்டார்" என்று இருக்கும். அடுத்த கம்பெனி விசாரித்தால் இதுதான் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே பஸ்ஸில் போகும் தோழிகள் பேசி வைத்துக்கொண்டு மொத்தமாக நின்றுவிடுவது உண்டு. 10 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து, நோட்டீஸும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் போனால், ஒவ்வொருவருக்கும் 8 நாள் சம்பளம் வரை பிடிக்க முதலாளிக்குச் சட்டம் இடம் தருகிறது. தோழிக்காக நிற்காதீர்கள். அவரவர் கணக்கு அவரவருக்கு.

கடிதம் எப்படி எழுத வேண்டும்?

தமிழிலேயே எழுதலாம். பத்து வரி போதும். குறைகளை எல்லாம் கொட்ட வேண்டாம். சம்பள பாக்கி, தொல்லை போன்ற புகார் இருந்தால் அதைத் தனிக் கடிதமாகக் கொடுங்கள். இதோ மாதிரி:

அனுப்புநர்: பெயர், பணியாளர் எண், பிரிவு, வீட்டு முகவரி
பெறுநர்: மனிதவள மேலாளர், நிறுவனத்தின் பெயர்
பொருள்: பணியிலிருந்து விலகுதல் தொடர்பாக
ஐயா / அம்மையீர்,
நான் தங்கள் நிறுவனத்தில் (சேர்ந்த தேதி) முதல் பணிபுரிந்து வருகிறேன். குடும்பக் காரணங்களால் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். இந்தக் கடிதத்தை ஒரு மாத அறிவிப்பாக ஏற்று (கடைசி நாள்) அன்று மாலையுடன் என்னை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இடையில் (தேதி) முதல் (தேதி) வரை பண்டிகைக்காக விடுப்பு கேட்டுள்ளேன். எனக்குச் சேர வேண்டிய சம்பளம், விடுப்புச் சம்பளம், போனஸ், பணிக்கொடை ஆகியவற்றைக் கணக்கிட்டு வழங்கி, பணி அனுபவச் சான்றும், பணியிலிருந்து விடுவித்த சான்றும் தரும்படி வேண்டுகிறேன். இதுவரை அளித்த வாய்ப்புக்கு நன்றி.
இப்படிக்கு, கையெழுத்து, தேதி

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே ஸ்பீடு போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி மெயில் முகவரி இருந்தால் அதற்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லி உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

கடிதத்துக்கு முன்னால் சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிடுங்கள். மற்றவர் மூலம் தெரிந்தால் அவருக்குச் சங்கடம், நமக்கும் கெட்ட பெயர். பண்டிகை நேரத்தில் லைனில் ஆள் குறைவாக இருக்கும். "இந்தத் தேதி வரைக்கும் வரேன் சார், புதுசா வர்ற பொண்ணுக்கு வேலை கத்துக் கொடுத்துட்டுப் போறேன்" என்று சொன்னால், பின்னால் சான்றிதழ் கேட்கப் போகும்போது முகம் கொடுத்துப் பேசுவார்.

கடைசி நாளில் ஐ.டி. கார்டு, யூனிபார்ம், ஷூ, லாக்கர் சாவி, கருவிகள் எதுவானாலும் ஒப்படைத்து, ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேன்டீன், அட்வான்ஸ் பாக்கி இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.டி. கார்டைக் கொடுப்பதற்கு முன் பணியாளர் எண், பி.எஃப். யு.ஏ.என். எண், இ.எஸ்.ஐ. எண் மூன்றையும் குழுப் பாஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வையுங்கள்.

என்னென்ன பணம் வர வேண்டும்?

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழிற்சாலைச் சட்டம், போனஸ் சட்டம், பணிக்கொடைச் சட்டம் போன்ற பழைய சட்டங்கள் இவற்றுக்குள் வந்துவிட்டன.

1. சம்பளம்: ராஜினாமா செய்தவருக்கும் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். "அடுத்த மாசம் பத்தாம் தேதி வாங்கிக்க" என்பது சரியல்ல. பிடித்தம் ஏதாவது இருந்தாலும் மொத்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

2. விடுப்புச் சம்பளம்: 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பள லீவு. ஒரு காலண்டர் வருடத்தில் முன்பு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், இப்போது 180 நாள் போதும். எடுக்காத லீவுக்கு, விலகும்போது பணம் உண்டு.

3. போனஸ்: மேலே சொன்னபடி.

4. பணிக்கொடை: 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களில், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். நிரந்தரத் தொழிலாளருக்கு 5 வருடம் வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவருக்குப் புதிய சட்டப்படி 1 வருடம் போதும். 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய். 26 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 500 ரூபாய். இந்த வருடம் 200 நாள் வேலை செய்தார். 10 நாள் லீவு சேர்ந்தது. 4 நாள் எடுத்துவிட்டார். மீதி 6 நாளுக்கு 3,000 ரூபாய். கடைசி மாதம் 9 நாள் வேலை செய்ததற்கு 4,500 ரூபாய். சென்ற ஆண்டு போனஸ், மாதம் 7,000 ரூபாய் என்ற கணக்கில் 8.33 சதவீதம் பார்த்தாலே சுமார் 7,000 ரூபாய். மொத்தம் 14,500 ரூபாய். குழுக் கடனுக்கு மாதம் 1,000 ரூபாய் தவணை கட்டும் அம்மாவுக்கு இது 14 மாதத் தவணை! 5 வருடம் முடித்தவராக இருந்தால் பணிக்கொடை 7,500 ஐ 5 ஆல் பெருக்கி 37,500 ரூபாய் தனி.

"நின்னுட்டேன்" என்ற ஒரு வார்த்தைக்கு விலை எவ்வளவு என்று பாருங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. கவனிக்க வேண்டியவை

பி.எஃப். பணம் எங்கேயும் போகாது. ஆனால் விலகிய தேதியைக் கம்பெனி பதிவு செய்யாவிட்டால், எடுக்கவும் மாற்றவும் இழுபறி ஆகும். முறையாக விலகியவருக்குக் கம்பெனியே பதிவு செய்யும். செய்யாவிட்டால், கடைசிச் சந்தா வந்து 2 மாதம் கழித்து, ஆதார் இணைத்த யு.ஏ.என். மூலம் நாமே இணையத்தில் பதிவு செய்யலாம். பதிவு செய்த போனில் இருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு விவரம் வரும்.

அடுத்த வேலை கிடைத்தால் பழைய பி.எஃப்.-ஐ எடுக்காமல் அதே யு.ஏ.என்.-க்கு மாற்றுங்கள். 10 வருட சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதுக்குப் பிறகு மாத பென்ஷன் உண்டு. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு கம்பெனியை விட்டு, பணத்தை எடுத்துச் செலவழித்தால் அந்த 10 வருடம் எப்போதும் சேராது. பணம் எடுக்கும் விதிகளை மாற்ற 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு முடிவு எடுத்தது. ஆகவே எடுப்பதற்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் 27-ம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது.

தை மாதம் கல்யாணம் வைத்து விலகும் மகள்களுக்கு ஒன்று. கல்யாணத்துக்கு முன் கொடுத்த பி.எஃப். நாமினி பெயர் கல்யாணத்துக்குப் பிறகு செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். ஆதாரில் பெயரை மாற்றினால் பி.எஃப்.-லும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் மனு திரும்பி வரும்.

இ.எஸ்.ஐ.-யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். எனவே வேலையை விட்ட அன்றே கார்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேலைக்கு வேலை வித்தியாசம் உண்டு

கான்ட்ராக்டர் மூலம் வேலை: கடிதம் கான்ட்ராக்டர் பெயருக்கு, பிரதி கம்பெனி எச்.ஆர்.-க்கு. கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு.

எல்லை தாண்டிய வேலை: 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் பிழைப்புக்கு எல்லை கிடையாது. நகரி, புத்தூர், ஸ்ரீசிட்டி என்று நம் பெண்கள் போகிறார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இந்தியா முழுவதும் ஒன்று, எண் மாறாது. சம்பளப் புகார் என்றால் மட்டும் வேலை செய்த இடத்தின் தொழிலாளர் அலுவலகத்துக்கு, அதாவது ஆந்திர அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

தனியார் பள்ளி: ஏப்ரல் பரீட்சை முடிந்ததும் விலகுவதுதான் பிள்ளைகளுக்கும் நல்லது. ஆனால் மே மாதச் சம்பளம் உண்டா, ஜூனில் திரும்பி வருபவர்களுக்கு மட்டுமா என்பதை ஆர்டரில் பார்த்த பிறகு தேதி போடுங்கள். ஆசிரியைகளுக்கும் பணிக்கொடை உண்டு. 2009-ல் கொண்டு வந்த திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும். 2022-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பள்ளியில் கொடுத்திருந்தால் அவற்றைத் திரும்பத் தரும்படி விலகல் கடிதத்திலேயே எழுதுங்கள்.

ஜவுளிக் கடை, ஓட்டல், வீட்டு வேலை: ஆர்டர் இருக்காது. இருந்தாலும் தீபாவளி வியாபாரத்துக்கு நடுவில் விட்டுவிட்டு வராதீர்கள். முன்கூட்டியே சொல்லி, வேறு ஆள் பார்க்க அவகாசம் கொடுங்கள். ஊர் சின்னது, நாளைக்கு நம் தங்கைக்கு வேலை கேட்டு அதே கடைக்குத்தான் போவோம்.

அவர்களே எழுதிக் கேட்டால்?

நாம் விரும்பி விலகுவது வேறு. "ராஜினாமா எழுதிக் கொடு, செட்டில்மெண்ட் வாங்கிக்கோ" என்று அவர்கள் கேட்பது வேறு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நாம் மறந்திருக்க மாட்டோம். 2006-ல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்தார்கள். 2014 நவம்பர் 1-ல், தீபாவளி முடிந்த பத்தாவது நாள், உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே அந்த வருடத்தில் பெரும்பாலான தொழிலாளர்கள் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் தொகை பெற்று வெளியேறியிருந்தார்கள். இவ்வளவு தொகை என்று பேசி, எழுதி, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவது ஒரு வகை. ஒரு ரூபாய் கூடப் பேசாமல் வெறும் ராஜினாமாவில் கையெழுத்துப் போடுவது வேறு வகை.

கம்பெனி ஆட்குறைப்பு செய்தால், ஒரு வருடம் வேலை செய்த தொழிலாளருக்கு ஒரு மாத நோட்டீஸும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடும் உண்டு. "நானே விலகுகிறேன்" என்று எழுதிவிட்டால் அந்த இழப்பீடு கிடையாது. ஆகவே அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து எப்போதும் வேண்டாம்.

இன்னொன்று. அரிசி ஆலை, செங்கல் சூளை போன்ற இடங்களில் "முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் போக முடியாது, திருவிழாவுக்குக் கூட விட மாட்டேன்" என்று தடுத்தால், அது ராஜினாமா பிரச்சினையே இல்லை. அது கொத்தடிமை முறை. 1976-ம் வருடச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. அங்கே கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். திருத்தணி கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ உடனே புகார் செய்யுங்கள்.

பணம் தரவில்லை என்றால்?

முதலில் எழுத்தில் ஞாபகக் கடிதம் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். சம்பளம், போனஸ் பாக்கி கேட்கப் புதிய சட்டத்தில் 3 வருடம் அவகாசம் உண்டு. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கடிதம் கொடுத்தீங்களாம்மா? பிரதி இருக்கா?"

குழுக் கூட்டத்தில் பேசுவோம், செய்வோம்

1. நம் குழுக் குடும்பங்களில் சென்ற ஒரு வருடத்தில் எழுதிக் கொடுக்காமல் வேலையை விட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு வர வேண்டியது என்ன? 3 வருடம் தாண்டாதவர்கள் இப்போதும் கேட்கலாம்.

2. வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, யு.ஏ.என்., இ.எஸ்.ஐ. எண் நான்கையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறார்களா?

3. மேலே உள்ள மாதிரிக் கடிதத்தைப் படித்த பெண் ஒருவர் கூட்டத்தில் உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

4. வேலை மாறும் வீட்டில் இரண்டு மாதம் சம்பளம் வராமல் இருக்கலாம். குழுக் கடன் தவணைக்கு என்ன ஏற்பாடு? விலகும் முன்பே கூட்டத்தில் சொல்லித் தீர்மானம் எழுதிக்கொள்வோம்.

சகோதரிகளே, நம் அம்மாக்கள் களத்து மேட்டில் கூலியை அளந்து வாங்காமல் வீடு திரும்பியது கிடையாது. நாமும் நம் பெண் பிள்ளைகளும் உழைப்பின் கணக்கை முடிக்காமல் எந்தக் கேட்டையும் தாண்ட வேண்டாம். கடிதம், தேதி, கணக்கு, கையெழுத்து! அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.